பச்சைய மரபணு அல்ல, பசுங்கணிக மரபணுத்தொகுதி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மா, ராகி பற்றிய பயிற்சிக் கூட்டங்களில் ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது: 'பச்சைய மரபணு ஆய்வு'. துண்டறிக்கையிலும் அப்படியே அச்சாகிறது. ரகங்களுக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது, எது எதற்கு உறவு என்று அறிய குளோரோபிளாஸ்ட் ஜீனோமை, அதாவது இலைச் செல்லுக்குள் பச்சையத்தைத் தாங்கும் நுண்ணுறுப்பின் முழு மரபணுத் தொகுதியைப் படிக்கிறார்களே, அதற்குத்தான் இந்தப் பெயர். இது தவறான பெயர். சின்னத் தவறு என்று விட்டுவிடவும் முடியாது.

இந்தச் சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் குளோரோஸ் என்றால் வெளிர்பச்சை. பிளாஸ்டோஸ் என்றால் வனையப்பட்டது. 1880களில் ஜெர்மன் தாவரவியலாளர்கள் எழுத்தில் குளோரோபிளாஸ்ட் நிலைபெற்றது. ஜீனோம் 1920இல் ஹான்ஸ் விங்க்லர் ஆக்கிய சொல். தமிழகப் பாடநூல்களில் பிளாஸ்டிட் கணிகம், குளோரோபிளாஸ்ட் பசுங்கணிகம். இலங்கைத் தமிழர் பச்சையவுருமணி என்பார்கள். இரண்டுமே நல்ல சொற்கள்.

இனி 'பச்சைய மரபணு'வுக்கு வருவோம். பச்சையம் என்பது குளோரோபில். அது ஒரு நிறமி, வெறும் மூலக்கூறு. அதற்குள் மரபணு ஏது? மரபணு இருப்பது அந்த நிறமியைத் தாங்கும் கணிகத்தில். எண்ணெய் என்று சொல்லிச் செக்கைக் காட்டுகிற கதை இது.

'பச்சையத்தை உண்டாக்கும் மரபணு' என்று பொருள் கொள்ளலாமே என்று ஒருவர் வாதாடினார். அங்கேதான் இந்தச் சொல் இன்னும் மோசமாக வழுக்குகிறது. பூக்கும் தாவரங்களில் பச்சையத்தைத் தயாரிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் உட்கருவில் இருக்கின்றன, பசுங்கணிகத்தில் இல்லை! ஆக, 'பச்சைய மரபணு' என்று நேர்பொருளில் தேடிப் போகிறவர் தப்பான இடத்துக்குத்தான் போய்ச் சேர்வார்.

கேட்கிற விவசாயிக்கு என்ன புரிகிறது என்றும் பாருங்கள். "அப்போ இந்த ரகத்துல இலை நல்லா கருகருன்னு இருக்குமா? யூரியாவைக் குறைச்சுக்கலாமா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி, சொல் அவரை அங்கேதான் தள்ளுகிறது. பக்கத்தில் இருப்பவர், "மரபணு மாத்துன விதையா?" என்று முகம் சுளிக்கிறார். ஜீனோமை வெறும் 'மரபணு' என்று எழுதுவதன் பலன் இது. மரபணு ஒன்று, ஜீனோம் முழுத் தொகுதி. 1986இல் முழுதாகப் படிக்கப்பட்ட புகையிலையின் பசுங்கணிகத் தொகுதியில் ஏறத்தாழ 1,56,000 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்), நூற்றுக்கு மேல் மரபணுக்கள். இங்கே நடப்பது படிப்பு, மாற்றம் அல்ல. 'தொகுதி' என்று சேர்த்தாலே அந்தப் பயம் பாதி தீரும். தொகையம் என்பாரும் உண்டு, அதில் எனக்குச் சண்டை இல்லை.

பசுங்கணிகத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கும் பெயர் இடம் கொடுக்க வேண்டும். அது சிறியது, மெதுவாக மாறுவது, பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் தாயிடமிருந்து மட்டும் வருவது. ராகியின் தாய்வழி எலூசின் இண்டிகா என்னும் களைப் புல்லின் பக்கம் போகிறது என்று காட்டியது இந்தத் தடம்தான். மாவில் பாருங்கள்: மல்லிகா, ஆம்ரபாலி இரண்டுக்கும் பெற்றோர் நீலமும் தசேரியும்தான். ஆனால் மல்லிகாவுக்கு நீலம் தாய், ஆம்ரபாலிக்குத் தசேரி தாய். உட்கருவைப் படித்தால் அவை உடன்பிறப்புகள். பசுங்கணிகத்தை மட்டும் படித்தால் ஒன்று நீலத்தோடும் மற்றது தசேரியோடும் போய்ச் சேரும். மகரந்தம் கொடுத்த தந்தை கண்ணிலேயே படாது. சந்தூர் நர்சரியில் ஒட்டுக்கன்று வாங்குகிறவருக்கும் இது புரியும், சொல் சரியாக இருந்தால்.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அகராதியைப் புரட்டி, முதலில் கண்ணில் பட்ட பழகிய சொல்லை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் கேட்பதில்லை. 'மரபியல் பன்முகத்தன்மை' என்று நீட்டுவதும் இதே பழக்கம். ரகத்துக்கு ரகம் மரபு வேறுபடுகிறது என்பதுதானே சங்கதி? மரபு வேறுபாடு என்றால் போதும்.

அடுத்த துண்டறிக்கைக்கு ஒரு கோரிக்கை. 'பசுங்கணிக மரபணுத்தொகுதி' என்று எழுதுங்கள். முதல் தடவை மட்டும் பக்கத்தில் குளோரோபிளாஸ்ட் ஜீனோம் என்று போடுங்கள். இடம் குறைவு என்றால் 'பசுங்கணிகத் தொகுதி' போதும். அப்புறம், 'தாய்வழி' என்ற சொல்லை எங்காவது சேர்த்துவிடுங்கள். ஆம்ரபாலியும் மல்லிகாவும் ஏன் தனித்தனியாக நிற்கின்றன என்று யாரும் குழம்ப மாட்டார்கள்.