ரீசெட் அழுத்தும் முன் பேனலைப் படியுங்கள்

தீ அலாரம் அடித்ததும் பல வணிகக் கட்டிடங்களில் நடப்பது ஒன்றுதான். செக்யூரிட்டி ஓடிவந்து, டிடெக்டர்கள் எல்லாம் இணைந்திருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலில் சைலன்ஸ் அழுத்துவார், அடுத்த நொடி ரீசெட். எந்த டிடெக்டர், எதனால் என்று பிறகு கேட்டால், "சும்மா அடிச்சது சார்" என்று பதில் வரும். சும்மா அடிப்பது அபூர்வம். எதையோ உணர்ந்துதான் அடித்திருக்கும். அது நெருப்பாக இல்லாமல் போயிருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது பரவலாக இருக்கும் ஆப்டிகல் ஸ்மோக் டிடெக்டருக்குள் ஒரு குட்டி இருட்டறை உண்டு. அதிலுள்ள எல்ஈடியின் ஒளி சென்சாரில் நேராக விழாது. புகை உள்ளே நுழைந்தால் ஒளி சிதறி சென்சாரைத் தொடும், அலாரம் அடிக்கும். புகைக்குப் பதில் நீராவியோ சிமென்ட் தூசியோ போனாலும் ஒளி சிதறத்தான் செய்யும். அடிக்கடி தொல்லை தரும் டிடெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஒவ்வொரு டிடெக்டரையும் தனி எண்ணால் அடையாளம் காணும் அட்ரஸபிள் பேனல் என்றால் தேதி, நேரம், டிடெக்டர் எண் எல்லாம் லாகில் பதிவாகும். நான் முதலில் கேட்பது அதைத்தான். ஒரே எண் தினமும் மாலை டீ நேரத்தில் வந்தால், அந்த டிடெக்டர் பேன்ட்ரி வாசலில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. அதைத் தள்ளி மாற்றலாம், பேன்ட்ரிக்குள் என்றால் ஹீட் டிடெக்டர் வைக்கலாம். சுமார் 57 டிகிரி செல்சியஸில் செயல்படும் வகை பரவலாகக் கிடைக்கிறது, நீராவிக்கெல்லாம் அசையாது. ஆனால் புகையை அது உணராது. அதனால் தொல்லை விட்டது என்று காரிடாரிலும் அதையே மாட்டிவிடாதீர்கள். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். காற்று வரும் திறப்பிலிருந்து 3 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீ அலாரத் தரநிலையான என்எஃப்பிஏ 72.

கையால் அழுத்தி அலாரம் எழுப்பச் சுவரில் வைத்திருக்கும் கால் பாயிண்டில் யாராவது இடித்துவிடுகிறார்களா? தூக்கித் திறக்கும் பிளாஸ்டிக் மூடி போடுங்கள், போதும்.

இன்டீரியர் வேலை நடக்கும்போதுதான் உண்மையான தலைவலி. ஜிப்சம் போர்டு அறுப்பதற்கு முன் டிடெக்டர்களுக்குத் தூசி மூடி போட வேண்டும், அன்றைய வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இதற்குச் சோம்பல்பட்டு முழு ஸோனையும், அதாவது அந்தப் பகுதியின் டிடெக்டர்கள் எல்லாவற்றையும், பேனலில் ஐசோலேட் செய்து செயல்படாமல் நிறுத்திவிடுகிறார்கள். பெயின்டர் போய்ப் பல நாள் ஆன பிறகும் பேனலில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பொய் அலாரத்தைவிட எனக்கு இதுதான் பயம், ஏனென்றால் அந்தத் தளத்தில் நிஜமாகவே தீப்பிடித்தாலும் மணி அடிக்காது.

அதனால் பேனல் பக்கத்திலேயே ஒரு நோட்டு வையுங்கள். எந்த ஸோன், யார் சொல்லி, எத்தனை மணிக்கு ஐசோலேட் செய்தது, எப்போது திரும்பப் போடுவது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் இரவு ஷிப்ட் ஆள் பொறுப்பேற்கக் கூடாது.