தீங்குக் குறைப்பு: சொல் விளக்கம்

சுகாதாரத் துறையினர் ‘ஹார்ம் ரிடக்‌ஷன்’ என்று சொல்வதற்கு நல்ல தமிழ் ‘தீங்குக் குறைப்பு’. போதைப்பொருளை இன்னும் கைவிடாத ஒருவருக்கு அதனால் நோயும் சாவும் நேராமல் இயன்றவரை காப்பது என்று பொருள். ‘பாதிப்புக் குறைப்பு’ என்றும் எழுதலாம். ஆனால் வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் கூடப் பாதிப்பு என்றே எழுதுகிறோம். தீது, தீமை ஆகியவற்றோடு ஒரே வேரில் பிறந்த ‘தீங்கு’ இவ்விடத்தில் தெளிவானது. ‘போதை ஒழிப்பு’ என்று பெயர்ப்பது முற்றிலும் பிழை. ஒழியும்வரை அந்தப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டாமா?

1984இல் அம்ஸ்ரர்டாமில் போதைப்பொருள் பாவிப்பவர்களின் சங்கமே முன்னின்று, மஞ்சட்காமாலைக் கிருமி பரவாதிருக்கச் சுத்தமான ஊசிகளை வழங்கத் தொடங்கியது. எயிட்ஸ் அச்சம் சூழ்ந்திருந்த 1986இல் லிவர்பூலிலும் ஊசி மாற்றும் நிலையம் திறக்கப்பட்டது. 1990இல் அங்கு நடந்த மாநாட்டுக்குப் பின் ‘ஹார்ம் ரிடக்‌ஷன்’ என்ற சொல் உலகெங்கும் பரவியது.

வன்னிக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. மிதிவெடி அகற்றி முடியும்வரை யாரும் விறகுக்குப் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு எவரும் சும்மா இருக்கவில்லை. போகத்தான் போவார்கள் என்று தெரிந்து, சிவப்புப் பலகையைக் காட்டி, எதைத் தொடக்கூடாது என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இதைப் பேசும்போது ஊசியோடு நிறுத்த முடியாது. இலங்கையில் ஹெரோயினைப் பெரும்பாலும் ஈயத்தாளில் சூடாக்கிப் புகையாகவே உறிஞ்சுகிறார்கள். ஹெரோயினுக்கு ஊரில் வழங்கும் ‘குடு’ என்ற பெயரே தூளைக் குறிக்கும் சிங்களச் சொல்தான். ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமின் பாவிப்பவருக்கு நாட்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமற் போகும். தண்ணீர் குடித்தாயா, கொஞ்சம் படுத்தாயா என்று தாய் கேட்பதும் தீங்குக் குறைப்பே.

மிக ஆபத்தான காலம் ஒன்று உண்டு, வீடுகளில் பலரும் அறியாதது. சிறையிலிருந்தோ புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ திரும்பியவரின் உடல் பழைய தாங்குசக்தியை இழந்திருக்கும். முன்பு எடுத்த அதே அளவு ஹெரோயின் இப்போது மூச்சை நிறுத்திவிடக்கூடும். உதடு நீலம் பாரித்து, கூப்பிட்டும் எழும்பாமல், விட்டுவிட்டுக் குறட்டை வந்தால் ‘வெறி முறிந்து எழும்புவான்’ என்று விடக்கூடாது. நலொக்சோன் என்ற மருந்து ஹெரோயினின் பிடியை முறிக்கும். ஐஸுக்கு அது பயன்படாது. பொலிஸ் வருமோ என்று அஞ்சித் தாமதிக்காமல் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாகனம் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.