வீட்டை விற்றுவிட்டார்களா? சாவியைக் கொடுக்க அவசரப்படாதீர்கள்

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா ஏழு வருடம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "வீட்டை நான் வாங்கிட்டேன், மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்க" என்றார். பயந்துபோய் சாவியைக் கொடுத்துவிட்டார். அப்புறம் அட்வான்ஸ் கேட்டுப் போனால் பழைய ஓனர், "வீடு இப்ப அவர் பேர்ல இருக்கு, அவரைக் கேளுங்க" என்கிறார். புது ஓனரோ, "என்கிட்டயா கொடுத்தீங்க?" என்கிறார். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆவது பிரிவுப்படி, வீட்டை வாங்குகிறவர் குடியிருப்பவரின் வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்தே ஏற்கிறார். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, நீங்களாக வெளியேறாத வரை வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்களைக் காலி செய்ய வைக்க முடியாது. வீடு விற்கப்பட்டது என்பது மட்டுமே அதற்குப் போதுமான காரணமும் ஆகாது. தனக்கோ தன் குடும்பத்துக்கோ வீடு தேவை என்று புது ஓனர் வழக்குப் போடலாம். ஆனால் அதை அவர் நீதிமன்றத்தில்தான் சொல்ல வேண்டும், உங்கள் வாசலில் நின்று அல்ல.

இனி, ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்.

முதலில் வாடகை. "யாருக்குக் கொடுப்பதென்று தெரியவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் பெரிய தவறு. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, ஓனர் நோட்டீஸ் கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், அது உங்களை வெளியேற்றக் காரணமாகிவிடும். "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொன்னதும் காப்பாற்றாது. புது ஓனரிடம் கிரயப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால், சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும். விற்பனை நடந்தது தெரியாமல் பழைய ஓனருக்கே கொடுத்திருந்தால், அதே வாடகையை மறுபடி கொடுக்கத் தேவையில்லை; இதையும் அந்த 109-ஆவது பிரிவே சொல்கிறது. விற்பனைக்கு முந்தைய பாக்கியைக் கேட்கவும் சாதாரணமாகப் புது ஓனருக்கு உரிமை கிடையாது. வாடகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பி, திரும்பி வந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பிறகு, இந்த வாடகைச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது.

அடுத்து அட்வான்ஸ். வீட்டை விற்றதால் மட்டும் பழைய ஓனரின் பொறுப்பு போய்விடாது. புது ஓனரையே பொறுப்பாளியாக ஏற்றுக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம். அதனால் "இனி எல்லாம் புது ஓனரிடம் பார்த்துக்கொள்கிறேன்" என்ற மாதிரி வாசகத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை இன்னாரிடம் இருக்கிறது, காலி செய்யும்போது இன்னார் தருவார் என்று இருவரும் எழுதித் தரட்டும். பேச்சுவார்த்தைக்குச் சரியான நேரம் பத்திரப்பதிவுக்கு முன்புதான். பணம் கைக்கு வந்த பிறகு பழைய ஓனர் போனை எடுப்பதே அரிது.

"சும்மா ஒரு பேப்பர்தான், வாங்குறவர் கேட்கிறார்" என்று நீட்டுவதையும் கவனியுங்கள். காலி செய்வதாக நீங்கள் கைப்பட எழுதிக் கொடுத்து, அதை நம்பி ஓனர் வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டுவிட்டால், அந்தக் காகிதமே உங்களுக்கு எதிராக நிற்கும்.

எழுத்து ஒப்பந்தமே இல்லாதவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். ஒப்பந்தம் போடாததையே காரணம் காட்டி வெளியேற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வருடக்கணக்கில் எழுதித் தராமல் இழுத்தடித்தது ஓனராகவே இருந்தாலும், தண்டனை குடியிருப்பவருக்கு. எனவே புது ஓனர் பழைய நிபந்தனைகளிலேயே ஒப்பந்தம் போடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் வாங்குங்கள். இதைப் பத்திரப்பதிவு அலுவலகப் பதிவோடு குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. தவறான கவுன்ட்டரில் அரை நாள் நின்ற பிறகே அலுவலகத்தில் அதைச் சொல்கிறார்கள். வாசலில் ஒரு பலகை வைத்தால் தீர்ந்துவிடும் விஷயம் இது.

மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாக ஒரு தொகை கொடுத்துப் போக்கியத்துக்கு இருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வெறும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியிருப்பார்கள். பதிவு செய்யாத அந்தப் போக்கியம் வில்லங்கச் சான்றில் வராது. வாங்குகிறவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல அது வசதி. வீடு விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்த அன்றே வக்கீலைப் பாருங்கள்.

சில ஓனர்கள் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்திப் பார்ப்பார்கள். அது சட்டவிரோதம். வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். காவல் நிலையத்தில் உங்கள் புகாரை "சிவில் விஷயம்" என்று தள்ளிவிடுவார்கள். அதே நிலையம் ஓனர் சொன்னதற்காக உங்களைக் கூப்பிட்டுக் காலி செய்யச் சொன்னால், "நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா?" என்று அமைதியாகக் கேளுங்கள். எந்த மனுவையும் இரண்டு பிரதிகளாக எடுத்துப்போய், உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.