முழங்கால் தண்ணீர் ஆளைச் சாய்ப்பது எப்படி?

நியூசிலாந்து தெற்குத் தீவின் மேற்குக் கரைப் பள்ளத்தாக்குகளில் மரத்தில் அறைந்த ஆரஞ்சு முக்கோணங்கள் நடைப்பயணிகளுக்குக் கொஞ்ச தூரம்தான் வழிகாட்டும். அதற்கப்புறம் ஆற்றுப்படுகையே பாதை. ஒரு பக்கம் பாறை மறித்தால் மறுகரைக்குப் போயாக வேண்டும். பெரும்பாலும் பாலம் இருக்காது.

பலரும் ஆழத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். வேகத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஓடும் நீர் காலைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அரை மீட்டர் ஆழத்தில் நிற்கிறீர்கள், இரண்டு கால்களும் சேர்ந்து சுமார் 30 செ.மீ. அகலம் என்று கொள்வோம். நீர் நொடிக்கு 1 மீட்டர் ஓடினால் ஏழெட்டு கிலோ எடை அளவுக்குத் தள்ளும். 2 மீட்டர் என்றால் 30 கிலோ. அந்த வேகத்தில் காலில் மோதும் நீர் முன்பக்கம் 20 செ.மீ. வரை ஏறும், முழங்காலுக்கு இருந்த தண்ணீர் தொடையைத் தொடும். மூழ்கிய பகுதியை நீர் மேலே தூக்குவதால் பாதம் தரையில் அழுந்துவதும் குறையும், கூழாங்கல்லில் பிடி நழுவும்.

ஒரு குச்சியை எறிந்துவிட்டுக் கரையோரமாகக் கூடவே நடந்து பாருங்கள். குச்சி முந்தினால் இறங்காதீர்கள். கலங்கல், மிதந்து வரும் மரக்கிளை, அடியில் கல் உருளும் மந்தமான சத்தம், இவையெல்லாம் அதே எச்சரிக்கைதான். வேகம் இருமடங்கானால் நீரால் உருட்ட முடிகிற கல்லின் எடை 64 மடங்காகும். பாறை உருளும் ஆற்றில் மனிதக் கால் எம்மாத்திரம்!

கடக்க நல்ல இடம் ஆறு அகன்று பல கிளைகளாகப் பிரியுமிடம். அதே நீர் பரந்து ஓடுவதால் ஆழமும் வேகமும் குறையும். வளைவின் வெளிப்பக்கம் வேண்டாம்; அங்கேதான் நீர் கரையை அரித்து மடுவாக்கி வைத்திருக்கும். குறுகலான இடம் தாண்டிவிடலாம்போலத் தோன்றும், அதுதான் ஏமாற்று.

கூட்டமாகப் போனால் தோளோடு தோள் சேர்ந்து, பக்கத்தில் நிற்பவரின் முதுகுக்கும் பைக்கும் இடையே கைவிட்டுப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, எதிர்க்கரையைப் பார்த்தபடி இறங்குவார்கள். வலுவானவர் நீர் வரும் பக்கம் நிற்பார். தள்ளுவிசையில் பெரும்பங்கை அவர் உடல் தாங்கும். மற்றவர்களுக்கு அவர் பின்னால் அமைதியான நீர் கிடைக்கும். நேர்க்கோட்டில் போகாமல் சற்றே கீழ்நோக்கிச் சாய்வாக நடப்பது நல்லது, ஓட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

மழை பெய்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். டாஸ்மான் கடலின் ஈரக்காற்று தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடரில் முட்டி மேலேறிக் குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடுகிறது. அந்த மலைத்தொடரில் உள்ள கிராப் ஆற்றுப் பகுதியில் ஆண்டுக்கு 10,000 மி.மீ.க்கும் மேல் மழை. சரிவு செங்குத்து, மண் மெலிது என்பதால் நீர் உடனே ஆற்றுக்கு வந்துவிடும். அதே காரணத்தால் மழை விட்டதும் பல ஆறுகள் சில மணி நேரத்தில் வடிந்தும்விடும். ஒரு நாள் உணவு கூடுதலாக இருந்தால் கரையில் கூடாரம் போட்டுக் காத்திருக்கலாம்.