பாலிப் கண்ணில் படுவதும் படாததும் முந்தின நாள் சாப்பாட்டில் இருக்கிறது

தருமபுரியில் எண்டோஸ்கோபி அறையில் நர்ஸாக வேலை செய்கிறேன். ஆசனவாய் வழியாக ஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பதுதான் கொலோனோஸ்கோபி. மலத்தில் ரத்தம் போகிறது என்று அதற்கு வருகிறவர்களில் பலர், மூலம் என்று தாங்களே முடிவுகட்டி, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். மூலமாகவும் இருக்கலாம். ஆனால் மூலம் இருப்பவருக்கே குடலின் உள்சுவரில் பாலிப் என்ற சதை வளர்ச்சியும் இருக்கலாம். அதில் அடினோமா என்ற வகைதான் பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களுக்கு ஆரம்பம். அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டு வரை ஆகும். அதற்குள் பார்த்துவிட்டால் கம்பி வளையம் போட்டு அப்போதே அறுத்து எடுத்துவிடலாம்.

பார்த்துவிட்டால்தான். ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை கொலோனோஸ்கோபி செய்து ஒப்பிட்ட ஆய்வுகளில், முதல் முறை ஏறக்குறைய நான்கில் ஒரு அடினோமா தவறிப்போயிருந்தது. தவறுவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, சுத்தமாகாத குடல்.

நம்ம ஊர்ச் சாப்பாடு உடம்புக்கு நல்லது. இந்தப் பரிசோதனைக்கு மட்டும் ஆகாது. களியும் கீரைக் கடைசலும் கொள்ளும் சக்கையை விட்டுவைக்கும். தக்காளி விதையும் கொய்யா விதையும் ஸ்கோப்பின் உறிஞ்சு குழாயை அடைத்துவிடும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே வெள்ளைச் சோறு, இட்லி, மோர், வடிகட்டிய ரசம் போதும். சத்துக்காக இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். மலம் கறுத்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் சில நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வோம். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் தொடரவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

பேதி மருந்தை ராத்திரியே மொத்தமாகக் குடித்து முடித்துவிட்டு வருவதுதான் இங்கே பெரிய சிக்கல். பாதி முந்தின மாலை, மீதிப் பாதி அன்று காலை என்று பிரித்துக் குடிக்க வேண்டும். பரிசோதனைக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் முன்பு தொடங்கி, கடைசி இரண்டு மணி நேரம் எதுவும் குடிக்காமல் இருக்க வேண்டும். ராத்திரியோடு நிறுத்தினால், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீர் இறங்கி வலது பக்கக் குடலில் படிந்துவிடும். தட்டையான, ஏமாற்றுகிற வளர்ச்சிகள் அதிகம் ஒளிந்திருப்பதும் அந்தப் பக்கம்தான்.

“காலையில குடிச்சிட்டு பஸ் ஏறுனா வழியில என்ன சிஸ்டர் பண்றது?” என்று அஞ்செட்டிப் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தூரத்திலிருந்து வருகிறவர்கள் பிற்பகல் நேரம் கேட்டு வாங்குங்கள். வயிறு அடங்கிய பிறகு பஸ் ஏறலாம். இல்லையென்றால் முந்தின நாளே டவுனில் உறவுக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். கடைசியாகப் போவது சிறுநீர் மாதிரி தெளிந்த மஞ்சளாக இருந்தால் குடல் தயார்.

அடுத்தது டாக்டர் கையில் இருக்கிறது. ஸ்கோப்பைப் பெருங்குடலின் தொடக்கம் வரை கொண்டுபோய், திரும்ப வெளியே இழுக்கும்போதுதான் நிதானமாகத் தேடுவார்கள். குடல் சுவர் சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒவ்வொரு மடிப்பின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மஞ்சள் சளி கொஞ்சம் ஒட்டியிருக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால், ரத்த நாளக் கோடுகள் மறைந்த வெளிறிய திட்டாக ஒரு தட்டைப் பாலிப் அடியில் தெரியும். வேகமாக இழுத்தால் அது வெறும் சளிதான். இப்படி வெளியே இழுத்தபடி தேடுவதற்கு ஆறு நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் முன்பு சொன்னார்கள். 2024இல் வந்த அமெரிக்கப் பரிந்துரை அதை எட்டு ஆக்கியது. வலது பக்கத்தை இரண்டாம் முறை பார்ப்பதும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும், ஸ்கோப் நுனியில் தொப்பி மாட்டுவதும் பலன் தருகிறவை. பாலிப்பைச் சுற்றித் திரையில் கட்டம் போட்டுக் காட்டும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. கேமரா காட்டாததை அதுவும் காட்டாது. மலத்துக்கு அடியில் இருப்பது அதற்கும் தெரியாது.

எத்தனை பேரில் அடினோமா கண்டுபிடிக்கிறார் என்று ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு கணக்கு உண்டு. அது ஒரு சதவீதம் கூடினால், பின்னால் புற்று வரும் வாய்ப்பு மூன்று சதவீதம் குறைவதாக 2014இல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வு காட்டியது. சின்ன ஊர், பெரிய ஊர் என்றில்லாமல் எல்லா எண்டோஸ்கோபி அறையிலும் இந்தக் கணக்கை எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள்: குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது, ஸ்கோப் கடைசி வரை போனதா, பாலிப் எத்தனை, என்ன அளவு. சுத்தம் போதவில்லை என்று எழுதியிருந்தால், “ஒண்ணும் இல்லை” என்ற வரியை நம்பி உட்கார்ந்துவிடாமல் மறுபடி எப்போது செய்வது என்று கேளுங்கள். பாலிப் எடுத்திருந்தால் பயாப்சி முடிவு வர சில நாள் ஆகும். எடுத்தாச்சே என்று பலர் அதை வாங்கவே வருவதில்லை. அடுத்த கொலோனோஸ்கோபி எந்த வருஷம், கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் எந்த வயதில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் டாக்டர் சொல்ல முடியும்.