பிடித்த வரியும் உச்சவரம்பும்

குன்னூரில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். 2024 ஜூலையில் ஓர் அக்கா பாஸ்புக்கோடு வந்தார். முப்பது வருடம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்து, 58 வயதில் ஓய்வு பெற்றவர். கிராஜுவிட்டி எனும் பணிக்கொடையும் பி.எஃப்.பும் சேர்ந்த ஆறரை லட்சத்தை வங்கியில் டெபாசிட் போட்டிருந்தார். அந்த ஆண்டு வட்டி 45,500 ரூபாய். அதில் 9,100 ரூபாயை வரியாகப் பிடித்திருந்தார்கள்.

“எனக்கு வரியே கிடையாதுன்னு சொன்னாங்களே சார்?”

கிடையாதுதான். ஆனால் அப்போதைய விதிப்படி, 60 வயதுக்கு உட்பட்டவரின் டெபாசிட் வட்டி 40,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடிக்கும். பான் கார்டை ஆதாரோடு இணைக்காததால், இவருக்கு அது 20 ஆனது. இணைக்க 1,000 ரூபாய் தாமதக் கட்டணம். தன் காசைத் திரும்ப வாங்கவே முதலில் ஆயிரம் கட்ட வேண்டியிருந்தது.

அதே வாரம் இன்னொரு வேலை. ஒரு தந்தை தம் பங்களாவை மகனுக்குத் தான செட்டில்மென்ட்டாக, அதாவது பணம் வாங்காமல் கொடுக்கும் பத்திரமாக, எழுதினார். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பே 5 கோடி. தந்தையிடமிருந்து வருவதால் மகனுக்கு வருமான வரி இல்லை. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். ஆனால் முன்னதற்கு 40,000, பின்னதற்கு 10,000 என்று 2023 ஜூலை முதல் உச்சவரம்பு. ஆக மொத்தம் 50,000. 5 கோடியில் அது 0.1 சதவீதம். பத்து லட்ச ரூபாய் வீட்டை மகளுக்கு எழுதுகிறவர் 20,000 கட்டுகிறார், அதாவது 2 சதவீதம்.

அந்தத் தந்தை நல்ல மனிதர், சட்டப்படிதான் செய்தார். என் கோபம் அந்த உச்சவரம்பின் மேல். சிறு வீட்டுக்காரருக்கு அதனால் பலனே இல்லை. சொத்து பெருகப் பெருகச் சலுகையும் பெருகுகிறது. பெரும் சொத்து வாரிசுக்குப் போகும்போது எஸ்டேட் டூட்டி என்று ஒரு வரி இருந்தது, 1985இல் எடுத்துவிட்டார்கள். 1957இல் வந்த செல்வ வரியை (வெல்த் டாக்ஸ்) 2015 பட்ஜெட்டில் நீக்கினார்கள். வசூல் குறைவு, செலவு அதிகம் என்பது இரண்டுக்கும் சொன்ன காரணம். ஒழுங்காக வசூலிக்க வழி தேடியிருக்கலாம். 2022-23இல் நாட்டின் செல்வத்தில் 40 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் இருந்ததாக உலக சமத்துவமின்மை ஆய்வகம் 2024இல் கணக்கிட்டது. மிகப் பெரிய வாரிசுச் சொத்துக்கு வரி திரும்ப வர வேண்டும் என்பேன். என் வாடிக்கையாளர்கள் சிலருக்கு இது பிடிக்காது.

“ஏழைகள் எங்கே வரி கட்டுகிறார்கள்?” என்று என் அலுவலகத்திலேயே சிலர் கேட்பதுண்டு. அந்த அக்கா பறித்த கொழுந்து பாக்கெட் டீத்தூளாகிக் கடைக்கு வந்ததும், 5 சதவீதம் ஜி.எஸ்.டி. கொடுத்து அவரே வாங்குகிறார். பங்களாவில் குடிக்கும் டீத்தூளுக்கும் அதே 5தான்.

சரி, எஸ்டேட்டில் ஓய்வு பெறப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். டெபாசிட் போடுவதற்கு முன்பே பானையும் ஆதாரையும் இணைத்துவிடுங்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வோர் ஏப்ரலிலும் வங்கியில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒரு வருடம் கொடுத்தது அடுத்த வருடத்துக்குச் செல்லாது. ஏற்கெனவே பிடித்திருந்தால், மார்ச்சில் கணக்கு முடிந்த பிறகு அந்த டிசம்பர் 31க்குள் ரிட்டர்ன் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

அக்காவுக்குக் கிடைத்தது, அக்டோபரில். அப்புறம் அவருடைய லயனிலிருந்து, அதாவது எஸ்டேட் குடியிருப்பு வரிசையிலிருந்து, நான்கு பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுனுக்கு வரும்போது நீங்களும் பாஸ்புக், பான், ஆதார் மூன்றையும் எடுத்து வாருங்கள். இதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.