அவுட்சோர்சிங்: புறப்பணியா, அயலாக்கமா?

ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய வேலையைத் தன் சம்பளப் பட்டியலில் உள்ள ஆட்களைக் கொண்டு செய்யாமல், வெளியிலுள்ள இன்னொரு நிறுவனத்திடம் ஒப்பந்தத்தின் பேரில் கொடுத்துச் செய்துகொள்வதே அவுட்சோர்சிங். இந்தப் பொருளுக்குள் கடலும் இல்லை, நாட்டு எல்லையும் இல்லை. வேலையைச் செய்பவர் யாருடைய ஆள் என்ற கேள்வி ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் குமரி மேற்கிலிருந்து திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிறவர்களிடமோ, மார்த்தாண்டத்தில் பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைக்கிற பெற்றோரிடமோ கேட்டுப் பார்த்தால், அமெரிக்காக்காரன் வேலை இங்கே வருவதுதான் அவுட்சோர்சிங் என்பார்கள். இதே சொல்லை ஆந்திர எல்லையில் சித்தூர், நகரி, சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் சொன்னால், அரசு மருத்துவமனையிலோ நகராட்சியிலோ நிரந்தரமில்லாமல் ஏஜென்சி வழியாகக் கிடைத்த வேலை என்றே புரிந்துகொள்வார்கள். ஒரே சொல் தமிழ் பேசும் இரண்டு எல்லைகளில் இரண்டு வேறு பொருள்களைச் சுமக்கிறது. ஆகவே அதற்குத் தமிழ் தேடுகிறவர் முதலில் எந்தப் பொருளுக்குத் தேடுகிறோம் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

சோர்ஸ் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அது நீரூற்றைக் குறித்தது. அதற்கும் முந்தைய லத்தீன் வேர்ச்சொல்லான சுர்கெரே, மேலெழும்புதல் என்ற பொருளுடையது. ஊற்றுக்கண் என்ற பொருள் விரிந்து, ஒரு பொருள் எங்கிருந்து கிடைக்கிறதோ அந்த இடத்துக்குப் பெயராயிற்று. பின்னர் வணிகத்தில் அதுவே வினையாகி, மூலப்பொருளையோ உதிரிப்பாகத்தையோ தேடிப்பிடித்துக் கொள்முதல் செய்வதைக் குறித்தது. அதன்முன் வெளியே என்ற பொருள்தரும் ஒட்டு சேர்ந்தபோது பிறந்ததே அவுட்சோர்ஸ். இந்த வினை 1970களின் இறுதியில் அச்சில் தென்படத் தொடங்குகிறது. மிகப் பழைய பதிவுகளில் ஒன்று பிரிட்டனின் மோட்டார் வாகனத் தொழிலைப் பற்றியது. வெளி ஆதாரங்களைப் பயன்படுத்துதல் என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கமே இச்சொல் என்று மேலாண்மை வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நினைவில் வைக்க அது எளிதாக இருக்கலாம், சொல்லின் பிறப்பு வரலாறு அதுவல்ல.

கணினித் துறைக்குள் இச்சொல் குடியேறிய கதையில் இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. 1989-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் தன் தரவு மையப் பணிகளை ஐபிஎம்மிடம் ஒப்படைத்தது. அவ்வளவு பெரிய நிறுவனமொன்று தன் கணினிப் பிரிவையே வெளியாரிடம் கொடுத்ததைக் கண்ட பிறகுதான் மற்றப் பெருநிறுவனங்களும் துணிந்தன என்பதால், இதைத் தகவல் தொழில்நுட்ப அவுட்சோர்சிங்கின் திருப்புமுனையாக எழுதுவார்கள். கோடாக்கின் தலைமையிடம் ராச்செஸ்டர், ஐபிஎம்மின் தலைமையிடம் ஆர்மாங்க். இரண்டுமே நியூயார்க் மாநிலத்து ஊர்கள். வேலை கை மாறியதே தவிர நாடு மாறவில்லை. இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1985-இல், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் தன் சொந்த மென்பொருள் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கி, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக வேலையைத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பியது. அங்கே வேலை நாடு மாறியது, கை மாறவில்லை. முதலாவது அவுட்சோர்சிங், இரண்டாவது ஆங்கிலத்தில் ஆஃப்ஷோரிங் எனப்படுவது. யார் செய்கிறார் என்பது ஒரு கேள்வி, எங்கே செய்யப்படுகிறது என்பது வேறொரு கேள்வி.

இரண்டும் ஒன்றாகக் கலந்தது 1990களில். 1968-இல் தொடங்கப்பட்ட டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் 1970களிலேயே பரோஸ் கணினி நிறுவனத்துக்கு மென்பொருள் வேலை செய்து கொடுத்திருந்தது என்றாலும், 1991-இன் பொருளாதாரத் திறப்புக்கும், அரசின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைப்பு ஏற்றுமதியாளர்களுக்குத் தந்த தகவல் இணைப்புக்கும் பிறகே அந்த வழி அகலமாயிற்று. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது பழைய நிரல்களில் தேதிக் கணக்கு பிசகிவிடும் என்ற அச்சத்தில் மேலைநாட்டு நிறுவனங்கள் தங்கள் நிரல்களைத் திருத்த ஆள் தேடியபோது, அந்த வேலை பெருமளவில் இந்திய நிறுவனங்களுக்கு வந்தது. அதாவது வேலை ஒரே நேரத்தில் கையும் மாறியது, நாடும் மாறியது. 2004 அமெரிக்க அதிபர் தேர்தலில் வேலை வெளிநாட்டுக்குப் போவது பெரிய சர்ச்சையானபோது, அங்கே பேசியவர்கள் அவுட்சோர்சிங் என்ற சொல்லையே இரண்டுக்கும் சேர்த்து வழங்கினார்கள். நம் செய்தித்தாள்களும் அந்தப் பொருளோடுதான் சொல்லை வாங்கிக்கொண்டன. கலப்படம் தமிழில் நேர்ந்ததல்ல, வரும்போதே கலந்து வந்தது.

இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாக 1990-இல் உருவான டெக்னோபார்க், குமரி எல்லையிலிருந்து ரயிலில் போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது. அத்தகைய வளாகத்தின் ஒரு கட்டடத்தைக் கூர்ந்து பார்த்தால் பொருள் வேறுபாடு கண்முன் நிற்கும். வாசலில் அடையாள அட்டையைச் சரிபார்க்கிற காவலாளியின் சட்டையில் பாதுகாப்பு ஏஜென்சியின் பெயர் தைத்திருக்கிறது. கேன்டீனில் பரிமாறுகிறவரும், கழிப்பறை துடைக்கிற அம்மாவும், இரவு ஷிப்டுக்குக் கேப் ஓட்டுகிறவரும் அப்படியே வெவ்வேறு ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள். இவர்களுடைய வேலை அவுட்சோர்சிங், ஆனால் நாடு மாறவில்லை. ஒரு மாடியில் வெளிநாட்டுக் காப்பீட்டுக் குழுமத்தின் சொந்த மையம் இயங்குகிறது. அங்கே வேலை செய்கிறவரின் நியமனக் கடிதத்தில் அந்தக் குழுமத்தின் பெயரே இருக்கும். அலையன்ஸ் குழுமமும், 2018-இல் திருவனந்தபுரத்தில் டிஜிட்டல் மையம் தொடங்கிய நிசானும் இவ்வகையைச் சேர்ந்தவை. இது ஆஃப்ஷோரிங், அவுட்சோர்சிங் அல்ல. அடுத்த மாடியில் சேவை நிறுவனமொன்றின் பொறியாளர், கழுத்தில் தன் நிறுவனத்தின் பட்டையும் கணினித் திரையில் க்ளையண்ட் கொடுத்த மின்னஞ்சல் முகவரியுமாக உட்கார்ந்திருக்கிறார். ப்ராஜெக்ட் முடிந்தால் க்ளையண்டின் முகவரி பறிபோகும், அவர் பெஞ்சுக்கு, அதாவது அடுத்த வேலைக்காகக் காத்திருப்போர் வரிசைக்கு, திரும்புவார். இவர் ஒருவரிடம்தான் இரண்டும் கூடியிருக்கின்றன. மூன்று பேரையும் ஒரே சொல்லால் அழைத்தால், மூவரின் வேலைப் பாதுகாப்பும் சம்பளமும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பதை விளக்க வழியே இல்லாமல் போகிறது.

வேலை எல்லை தாண்டுவது குமரி மாவட்டத்துக்குப் புதிய செய்தியன்று. கொல்லத்து முந்திரி முதலாளிகள், கேரளத்தில் கூலி உயர்ந்தபோது, கொட்டை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கும் வேலையை எல்லைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அண்டியாபீஸ் என்று ஊரில் வழங்கும் அந்த ஆலைகளில், கைவிரல் கறுத்துப்போகக் கொட்டை உடைத்த பெண்களின் உழைப்பில் எத்தனையோ வீடுகள் நிமிர்ந்தன. கொல்லத்து முதலாளியே இங்கே சொந்த ஆலை வைத்தபோது அது இடமாற்றம். கொட்டையை மூட்டைக் கணக்கில் உள்ளூர்க்காரரிடம் கொடுத்துப் பருப்பாகத் திருப்பி வாங்கும்போது அது கைமாற்றம். கூலி வாங்கியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருந்ததில்லை, ஏனென்றால் போனஸ் கேட்டு யார் வாசலில் நிற்பது என்பதை அதுதான் தீர்மானித்தது.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். வெளிமூலமாக்கல், புறத்திறனீட்டம், அயலாக்கம், வெளிமுகமை என்று பல சொற்கள் எழுத்தில் உலவுகின்றன. வெளிமூலமாக்கல் என்பது ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பெயர்த்தது. மூலம் என்பது தமிழில் தொடக்கத்தையும் அசலையும் குறிப்பதோடு, வழியாக என்ற பொருளில் உருபுபோலவும் வருவதால், வெளிமூலத்தின் மூலம் என்பதுபோன்ற தொடர்களில் சொல் தன் காலையே தட்டிவிடுகிறது. புறத்திறனீட்டம் அழகாகக் கட்டப்பட்ட சொல்; வெளியிலுள்ள திறனை ஈட்டிக்கொள்ளுதல் என்று விரியும். ஆனால் வேலையை வெளியே கொடுப்பவர் பல நேரங்களில் தேடுவது திறனை அல்ல, குறைந்த செலவை. கூட்டிப் பெருக்குகிறவரின் வேலையை ஏஜென்சிக்குக் கொடுப்பதைத் திறனீட்டம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. வெளிமுகமை, வெளியிலுள்ள ஏஜென்சி என்று நேராகப் புரிகிறது. தமிழ்நாட்டில் பணி நியமனச் செய்திகளில் நன்கு ஊன்றியும்விட்டது. எனினும் அது வேலையை எடுத்துச் செய்கிறவரின் பெயரே ஒழிய, கொடுக்கும் செயலின் பெயராகவில்லை.

அயலாக்கம் நல்ல சொல், தவறான இடத்தில் உட்கார வைக்கப்பட்ட சொல். அயல் என்பதற்குப் பக்கத்து வீடு என்பதே பழைய பொருள். அயலத்து வீடு என்றால் குமரி மேற்கில் இன்றும் பக்கத்து வீடுதான், மலையாளத்திலும் அயல்வாசி அண்டை வீட்டாரே, கேரள அரசின் மகளிர் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் அண்டை வீட்டுப் பெண்களின் குழுவே. ஆனால் பொது எழுத்துத் தமிழில் அயல்நாடு, அயலுறவுத் துறை, அயலகத் தமிழர் என்ற வழக்குகள் பெருகி, அயல் என்றதும் நாட்டு எல்லை கண்முன் வருகிறது. ஆகவே அயலாக்கம் ஆஃப்ஷோரிங்குக்கே பொருந்தும்.

அண்டை மொழிகள் இதை எப்படித் தீர்த்துக்கொண்டன என்று பார்ப்பதில் எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு, இரண்டு மொழிச் செய்தித்தாளும் டீக்கடை மேசையில் கிடக்கும். மலையாளத்தில் புறம்கரார் என்று எழுதுகிறார்கள். கரார் ஒப்பந்தம், புறம் நமக்கும் உரிய சொல். வெளியே கொடுக்கும் ஒப்பந்தம் என்று கையெழுத்திடும் செயலையே அது பிடித்துக்கொள்கிறது, நாட்டை இழுக்கவில்லை. தெலுங்குச் செய்தித்தாள்கள் பொருகு சேவலு என்கின்றன. பொருகு என்றால் அண்டை அயல். இங்கே அயல் என்ற கருத்து நாடு தாண்டாமல் பக்கத்து வீட்டளவிலேயே நிற்கிறது. ஆந்திர அரசு 2020-இல் இத்தகைய பணியாளர்களுக்கென்றே ஆப்காஸ் என்ற அரசுக் கழகத்தை இயங்கவைத்து, தனியார் ஏஜென்சிகளின் இடத்தில் அதை நிறுத்தியதால், சித்தூர் பக்கத்துத் தமிழரிடம் அவுட்சோர்சிங் என்ற சொல்லின் அரசுவேலைப் பொருள் இன்னும் இறுகிவிட்டது.

இந்த இரண்டு பொருளையும் பிரிக்காவிட்டால் உலகத் தகவல் தொழில்நுட்பச் சேவைச் சந்தையின் இன்றைய போக்கைப் படித்துப் புரிந்துகொள்வது கடினம். இச்சேவைகளுக்கு உலகம் ஆண்டுதோறும் செலவிடும் தொகை, கார்ட்னர் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 1.5 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இந்தியத் தொழில்நுட்பத் துறையின் 2024–25 வருவாயை அத்துறை நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் சுமார் 28,300 கோடி டாலர் என்றும், அதில் வேலை செய்வோரைச் சுமார் 58 லட்சம் பேர் என்றும் மதிப்பிட்டது. ஆனாலும் துறையின் மிகப் பெரிய நிறுவனமான டாடா கன்சல்டன்சி சர்வீசஸின் பணியாளர் எண்ணிக்கை 2023–24 நிதியாண்டில் 13,000-க்கும் மேல் குறைந்தது. 2025 ஜூலையில் அது தன் ஆட்களில் சுமார் 2 விழுக்காட்டினரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இதைப் படித்துவிட்டு வெளிநாட்டு வேலை வற்றிவிட்டது என்று முடிவுகட்டும் பெற்றோர் நிறையப் பேர். அதே காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்களின் சொந்த மையங்கள் இந்தியாவில் 1,700-ஐத் தாண்டி, 19 லட்சம் பேருக்கு வேலை தந்து, 2023–24-இல் சுமார் 6,460 கோடி டாலர் வருவாய்க் கணக்குக் காட்டின. நடுவில் நின்று வேலையை வாங்கித்தருகிற நிறுவனத்தை விட்டு, மேலைநாட்டு நிறுவனம் தானே இங்கு வந்து ஆளெடுப்பது பெருகுகிறது. அவுட்சோர்சிங்கைப் புறப்பணி என்று வைத்துக்கொண்டு, புறப்பணியின் வேகம் தணிகிறது, அயலாக்கம் வளர்கிறது என்று இரண்டு சொல்லில் சொன்னால் செய்தி ஒரே வாக்கியத்தில் தெளிந்துவிடும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதைச் சொல்லவே முடியாது.

சட்டமும் இந்தச் சொல்லின்மேல்தான் நிற்கிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்க செனட்டர் பெர்னி மொரேனோ முன்வைத்த ஹையர் மசோதா, அவுட்சோர்சிங் கட்டணத்தின்மேல் 25 விழுக்காடு வரி விதிக்கக் கோருகிறது. மசோதா வரையறுக்கும் கட்டணம், அமெரிக்க நுகர்வோருக்குப் பயன்படும் வேலைக்காக வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் பணம். ஓஹையோ நிறுவனம் பக்கத்து மாநிலத்து நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒப்பந்தப் பணம் அதில் சேராது. அந்த மசோதாவைத் தமிழில் எழுதுகிறவர் அயலாக்க வரி என்றுதான் எழுத வேண்டும். வெளிமுகமை வரி என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.

செயற்கை நுண்ணறிவு இந்த இரண்டையும் ஒரே விதமாகத் தாக்கவில்லை. சேவை நிறுவனங்கள் நெடுங்காலமாக ஆள் கணக்குக்கும் மணிக் கணக்குக்கும் பில் போட்டுப் பிழைத்தவை. பத்துப் பேர் செய்த சோதனைப் பணியை ஆறு பேர் முடிக்கும்போது க்ளையண்ட் பத்துப் பேருக்கான பணத்தைத் தரமாட்டார். ஆகவே முடித்துக்கொடுத்த வேலைக்கு விலை என்ற ஒப்பந்த முறைக்கு அவை நகர்கின்றன. சொந்த மையங்களில் வெளி க்ளையண்டுக்குப் போடும் பில் இல்லை என்பதால் அங்கே இந்த நெருக்கடி வேறு வடிவில் வருகிறது.

என் தேர்வு இதுதான். அவுட்சோர்சிங் என்பதைப் புறப்பணி என்று சொல்லலாம். புறநோயாளி, புறநகர் என்று ஊருக்கெல்லாம் தெரிந்த சொற்களின் வரிசையில் அது இயல்பாக நிற்கும், மலையாளத்துப் புறம்கராருக்கும் உறவாகும். கொடுப்பது புறப்பணி கொடுத்தல், ஏற்பது புறப்பணி எடுத்தல், எடுக்கும் நிறுவனத்துக்கு வெளிமுகமை என்ற வழங்கும் பெயரையே வைத்துக்கொள்ளலாம். ஆஃப்ஷோரிங் அயலாக்கம். வேலை வெளியாரிடமும் போய் வெளிநாட்டுக்கும் போனால் அயற்புறப்பணி எனக் கூட்டலாம். மேற்கு ஐரோப்பாவுக்குப் போலந்து, அமெரிக்காவுக்கு மெக்சிகோ போன்ற அருகு நாடுகளுக்குக் கொடுப்பதை அண்டையாக்கம் எனலாம். வெளிநாட்டு நிறுவனத்தின் சொந்த மையத்துக்கு உலகளாவிய திறன் மையம் என்ற பெயர் தமிழ்ச் செய்திகளில் ஏற்கெனவே புழங்குகிறது, அதை மாற்றத் தேவையில்லை. கொடுத்த வேலையை நிறுவனம் மீண்டும் தன் ஆட்களிடமே திருப்பிக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் இன்சோர்சிங் என்பார்கள். அதற்கு அகப்பணி என்பது போதும்.